இரண்டு கணக்குப் புத்தகங்கள்: கிளிமஞ்சாரோ பயணக் குறிப்புகள்

புறப்பட 9 மாதங்கள்

எங்கள் இளைஞர் குழு வரும் ஆகஸ்டில் தான்சானியாவுக்குச் சென்று கிளிமஞ்சாரோ மலையில் ஏறுவதென்று இன்று மாலை முடிவாயிற்று. 15 முதல் 20 வயதுக்குட்பட்ட 12 பேரும், எங்களை நடத்திச் செல்லும் அக்காவுமாக மொத்தம் 13 பேர். அந்த மலையில் ஏற்கெனவே ஏறியிருப்பவர் அக்கா மட்டுமே. பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளும் பேச்சு தொடங்கிய நேரம் பார்த்து நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது என்னைப் பொருளாளராக்கியிருந்தார்கள்.

அக்கா என்னிடம் இரண்டு நோட்டுப் புத்தகங்களைக் கொடுத்தார். நீல அட்டை போட்டது பணக் கணக்குக்கு. சிவப்பு அட்டை போட்டது எதற்கென்று கேட்டேன். "தலைவலிக் கணக்குக்கு. நேரம் வரும்போது சொல்கிறேன்" என்றார்.

இரவே நீலப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். நாங்கள் தேர்ந்திருப்பது மச்சாமே வழி. ஏறி இறங்க 7 பகல், 6 இரவு. மலை தேசியப் பூங்காவாக இருப்பதால் வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 டாலர் நுழைவுக் கட்டணம், இரவொன்றுக்கு 50 டாலர் கூடாரக் கட்டணம், பயணத்துக்கு ஒருமுறை 20 டாலர் மீட்புக் கட்டணம். கூட்டினால் 810, அதன் மேல் 18 விழுக்காடு வரி. விமானச் சீட்டு, வழிகாட்டி, உணவு, கூடாரம் என எதையும் சேர்க்காமல், மலையில் கால் வைப்பதற்கே ஆளுக்கு 955 டாலர் 80 சென்ட் ஆகிறது. 16 வயது நிறையாதவர்களுக்குக் கட்டணம் வெகுவாகக் குறைவு. எங்களில் இளையவனுக்குப் பயணத்துக்கு மூன்று வாரம் முன்புதான் 16 நிறைகிறது. பிறந்தநாளைத் தள்ளிப்போட வழியுண்டா என்று நான் கேட்டதை அவன் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டான். நான் முழுக்க நகைச்சுவையாகக் கேட்கவில்லை.

புறப்பட 8 மாதங்கள்

நிதி திரட்டுவதைப் பற்றி இன்று நடந்த கூட்டம் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது. "மலை ஏறுவது நம்முடைய ஆசை, நம் ஆசைக்கு அடுத்தவர் ஏன் பணம் தர வேண்டும்?" என்று குழுவில் ஒருத்தி கேட்டாள். அதற்கு ஒருவரிடமும் நல்ல பதில் இல்லை. இளைஞர் வளர்ச்சி, தன்னம்பிக்கை என்றெல்லாம் சிலர் தொடங்கினோம்; அவள் கேட்ட கேள்விக்கு அவை விடையல்ல என்பது சொல்லும்போதே எங்களுக்குத் தெரிந்தது.

மூன்று மணி நேரத்துக்குப் பின் ஒரு விதி பிறந்தது. எங்கள் பயணச் செலவை நாங்களும் எங்கள் குடும்பங்களுமே ஏற்போம். அது இயலாத நால்வருக்காக மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து உழைப்போம்: கார் கழுவுவது, பழைய தாள் சேகரிப்பது, சிறுவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவது. பொதுமக்கள் தரும் நன்கொடையிலிருந்து எங்கள் விமானச் சீட்டுக்கு ஒரு காசும் போகாது. அது மலையில் எங்கள் சுமையைத் தூக்கப்போகிறவர்களுக்கு மட்டுமே. ஒருவருக்கு மூவர் வீதம் அங்கே ஆட்கள் வருவார்கள் என்றும், டிப்ஸ் என்று நாம் இலேசாகச் சொல்லும் பணம் அவர்கள் வருமானத்தில் பெரும்பங்கு என்றும், குளிருக்கேற்ற உடையும் காலணியும் சொந்தமாக இல்லாதவர்கள் அவர்களில் உண்டு என்றும் அக்கா விளக்கினார். கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டம் என்னும் அமைப்பு 2003 முதல் அவர்களுடைய ஊதியத்தையும் நடத்தப்படும் விதத்தையும் கண்காணித்து வருகிறது. மலையுடைகளை இலவசமாக இரவல் தருகிறது. நன்கொடையில் ஒரு பகுதிக்கு உடைகளும் காலணிகளும் வாங்கி அங்கே சேர்ப்பதென்றும் முடிவாயிற்று.

உண்டியலுக்கும் விதிகள் உண்டு. முத்திரையிட்டுத்தான் வெளியே போகும். இருவர் முன்னிலையில்தான் திறக்கப்படும். எண்ணியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், இருவரும் கையெழுத்திட வேண்டும். என்னை நம்பவில்லையா என்று கேட்டேன். "உன்னை நம்புவதால்தான் உனக்கு ஒரு சாட்சி வைக்கிறோம்" என்றார் அக்கா.

புறப்பட 6 மாதங்கள்

இன்று படியேறும் நாள். கடல்மட்டத்திலிருந்து 5,895 மீட்டர் உயரத்தை ஒரு கட்டடத்தின் மாடிப்படிகளில் ஏறித் தீர்ப்பதும், மீட்டருக்கு இவ்வளவு என்று ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே வாக்குப் பெறுவதும் திட்டம். 12 மாடிகள், மாடிக்கு 18 படிகள், 3 மீட்டர், ஒருமுறை ஏறினால் 36 மீட்டர். 5,895ஐ 36ஆல் வகுத்தால் 164 முறை. எட்டுப் பேர் 14 முறையும் நால்வர் 13 முறையும் ஏறினால் கணக்குச் சரியாக வருகிறது. வகுத்தல் இவ்வளவு அழகாக முடிந்ததில் எனக்கிருந்த மகிழ்ச்சியை வேறு யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

இறங்குவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்தலாம் என்று எல்லாரும் எண்ணியிருந்தோம். அக்கா கூடாதென்றார். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது; இறங்கும்போது உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. பழக்கமில்லாத தசையை மறுநாள் முடக்கிப்போடுவது இந்த இரண்டாவது வேலைதான். 14 முறை இறங்கினால் 504 மீட்டர். உச்சிக்குப் போகும் நாளில் ஒரே மூச்சில் இறங்க வேண்டியது 2,795 மீட்டர். நாளை காலை கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாமல் போகும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதலில் முடித்தவன் எங்கள் குழுவின் ஓட்டக்காரன். 18 வயது. தன் 14 முறையை முடித்துவிட்டு, கால் பிசகிய ஒருத்திக்காக மேலும் மூன்று முறை ஏறினான். மூச்சு வாங்கியதாகவே தெரியவில்லை.

மாலையில்தான் சிக்கல் வந்தது. பார்வையிட வந்திருந்த ஆதரவாளர் ஒருவர் எங்கள் உழைப்பைக் கண்டு மனமிளகி, 12 பேரும் உச்சியைத் தொட்டால் தன் நன்கொடையை இரட்டிப்பாக்கித் தருவதாக அறிவித்தார். அவர் நல்ல மனிதர். இதில் ஐயமே இல்லை. அவர் ஏற்கெனவே தந்திருந்ததே அதுவரை சேர்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

எல்லாரும் போனபின் அக்கா சிவப்புப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர்மலை நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் லேக் லூயிஸ் அளவுகோலின் நான்கு கேள்விகளை முதல் பக்கத்தில் எழுத வைத்தார்: தலைவலி, குமட்டல் அல்லது வாந்தி, சோர்வு, தலைச்சுற்றல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலியோடு மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் என்று கொள்ள வேண்டும், அதற்குமேல் ஏறக்கூடாது. கருவி ஏதுமில்லாத இந்த அளவுகோலுக்கு ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: கேட்கப்படுகிறவர் உண்மையைச் சொல்ல வேண்டும். "5,000 மீட்டரில் தலை வலிக்கிறவன், தான் வாயைத் திறந்தால் பாதிப் பணம் போய்விடும் என்று தெரிந்தால் என்ன சொல்வான்?" என்று கேட்டார்.

அந்தப் பணம் எங்களுக்கானதல்லவே, சுமைதூக்குவோருக்கானதல்லவா என்று நான் வாதிட்டேன். அதனால்தான் இன்னும் ஆபத்து என்றார் அவர். இரவு பத்து மணிக்கு வாக்கெடுத்தோம். மறுப்பதற்கு 7, ஏற்பதற்கு 5. நான் ஏற்பதற்குக் கை தூக்கினேன். ஓட்டக்காரனும் தூக்கினான். தோற்ற பக்கத்தைச் சேர்ந்த நானே பொருளாளர் என்ற முறையில் மறுப்புக் கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று. நகலை நீலப் புத்தகத்தில் ஒட்டினேன். நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. முதலில் தந்த தொகையைத் திரும்பக் கேட்கவில்லை. வேறெதுவும் எழுதவுமில்லை.

புறப்பட 3 மாதங்கள்

மூன்று நாள் பயிற்சி நடையை முடித்துவிட்டு எழுதுகிறேன். முதுகுப்பையில் 4 கிலோவில் தொடங்கி இப்போது 7 கிலோவுக்கு வந்திருக்கிறோம். வேகத்துக்கு அக்கா வைத்திருக்கும் அளவு மூச்சுதான்: ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சிரைக்காமல் பேசி முடிக்க முடிந்தால் சரியான நடை, முடியாவிட்டால் குறைக்க வேண்டும். ஓட்டக்காரனுக்கு இது பெருந்துன்பம். அவனை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு, இளையவனை முன்னே நடக்கவிட்டோம்.

ஒவ்வொரு மாலையும் சிவப்புப் புத்தகத்தோடு கூடாரம் கூடாரமாகப் போகிறேன். நாங்கள் நடந்த குன்று உயர்மலை நோய் வரும் உயரமே அல்ல. ஆயினும் நான்கு கேள்விகளையும் எல்லார் முன்னிலையிலும் கேட்டு, எல்லார் காதிலும் விழும்படி பதில் வாங்குகிறேன். முதல் நாள் அனைவரும் பூச்சியம் என்றார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி, "வெயிலில் தலைவலி, 1" என்றாள். சிலர் சிரித்தார்கள். மூன்றாம் நாள் நால்வர் 1 என்றார்கள், யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியில் நாங்கள் உருப்படியாகப் பெற்றது இதுதான் என்று அக்கா சொல்கிறார். எனக்கென்னவோ கொப்புளம் வருமுன்பே, தோல் சுடத் தொடங்கும்போதே பிளாஸ்திரி ஒட்டக் கற்றதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

புறப்பட 3 வாரங்கள்

காப்பீட்டுப் பத்திரத்தை வரி வரியாகப் படித்ததில் கண்டது: நாங்கள் முதலில் தேர்ந்திருந்த பயணக் காப்பீடு 4,000 மீட்டருக்கு மேல் செல்லாது. மலையேற்றத்தையும் 6,000 மீட்டர் வரையிலான மீட்பையும் ஏற்கும் வேறொன்றை வாங்கினோம். நீலப் புத்தகத்தில் இந்த ஒரு வரிக்காகக் கார் கழுவும் நாள் ஒன்று கூடுதலாயிற்று.

இளையவனுக்கு இன்று 16.

முதல் நாள்: மச்சாமே முகாம், 2,835 மீ

மச்சாமே வாயிலில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் 13 பேருக்காக வந்திருப்பவர்கள் 41 பேர்: வழிகாட்டிகள், சமையற்காரர், சுமைதூக்குவோர். வாயிலில் ஒரு தராசு தொங்குகிறது. ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பூங்காவின் விதி. ஒவ்வொரு மூட்டையும் அதில் ஏறி இறங்கிய பிறகே உள்ளே விட்டார்கள். தூக்குபவரின் சொந்தப் பொருள்களுக்கும் இடம் வேண்டுமென்பதால் எங்கள் பைகளை 15 கிலோவுக்குள் வைத்திருந்தோம். என்னுடையது புறப்படும்போது 15.4 இருந்தது, விடுதியிலேயே ஒரு புத்தகத்தையும் இரண்டு சட்டைகளையும் விட்டுவிட்டு வந்திருந்தேன். தராசின் முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். 14.6.

மழைக்காட்டினூடே 11 கிலோமீட்டர். இந்த மலையில் மட்டுமே பூக்கும் காசித்தும்பை இனம் ஒன்றை வழிகாட்டி காட்டினார். சிவப்பும் மஞ்சளுமாய், யானைத் துதிக்கைபோல வளைந்த சிறு பூ. அவர் அடிக்கடி சொல்வது "போலே போலே". சுவாஹிலி மொழியில் மெல்ல மெல்ல என்று பொருள். நம் மொழியைப் போலவே அங்கும் அதை இருமுறைதான் சொல்கிறார்கள்.

சிவப்புப் புத்தகம்: அனைவரும் 0.

இரண்டாம் நாள்: ஷிரா முகாம், 3,750 மீ

ஐந்தே கிலோமீட்டர், ஆனால் நேர் ஏற்றம். காடு முடிந்து புதர்வெளி வந்துவிட்டது. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், உறங்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. நேற்று 2,835, இன்று 3,750. வேறுபாடு 915. வழிகாட்டியிடம் கேட்டேன். அடுத்த இரண்டு இரவுகளும் 4,000 மீட்டரை ஒட்டியே இருப்போம், இன்றைய கடன் அங்கே அடையும் என்றார். இதே வழியில் ஆறே நாளில் ஏறி இறங்குபவர்களும் உண்டு. ஒரு நாள் கட்டணம் மிச்சமாகிறது. பொருளாளர் என்ற முறையிலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூவருக்குத் தலைவலி 1. எனக்கும்.

மூன்றாம் நாள்: பரான்கோ முகாம், 3,976 மீ

இன்று முழுவதும் உடம்பை ஏமாற்றும் வேலை. காலையில் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் என்னும் கரும்பாறைக்கு ஏறி, அங்கே உணவருந்திவிட்டு, மாலையில் ஏறத்தாழ 625 மீட்டர் இறங்கி உறங்குகிறோம். காலை முதல் மாலை வரை நடந்து, நேற்றைய இரவைவிட 226 மீட்டர்தான் உயர்ந்திருக்கிறோம். ஏறியபோது மூச்சு ஆழமாகப் பழகுகிறது. அந்தப் பழக்கத்தோடு கீழே உறங்கும்போது உடல் தேறுகிறது.

லாவா டவரில் உணவுத் தட்டைப் பார்க்கவே பலருக்குப் பிடிக்கவில்லை. படிகளில் 17 முறை ஏறிய ஓட்டக்காரன் ஒரு பாறையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தான். படிகளில் கடைசியாக வந்தவளோ தன் தட்டை முடித்துவிட்டு அவனுடையதையும் கேட்டாள். உடல்வலிமைக்கும் உயர்மலை நோய்க்கும் தொடர்பில்லை என்று படித்திருந்தேன். தட்டுகளை எண்ணும்போதுதான் அது புரிந்தது. வலிமையுள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே ஆபத்து அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இறங்கும் பள்ளத்தாக்கில் ராட்சத செனேசியோ மரங்கள் நின்றன. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தண்டைச் சுற்றிப் பட்டுப்போன இலைகள் உதிராமல் கம்பளிபோல் போர்த்திக்கொண்டிருக்கின்றன. இரவில் உறைந்து பகலில் உருகும் இந்த உயரத்தில் தண்டுக்குள் ஓடும் நீரைக் காப்பது அந்தப் பழைய இலைகள்தாம். தன் ஓட்டைச் சட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்த இளையவன் தனக்கும் இதே நுட்பம்தான் என்றான்.

மாலைக் கணக்கு: ஓட்டக்காரனுக்குத் தலைவலி 1, குமட்டல் 1. மொத்தம் 2. குறித்துக்கொண்டேன்.

நான்காம் நாள்: கரங்கா முகாம், 3,995 மீ

பரான்கோ சுவர் என்று பெயர் சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். சுமார் 250 மீட்டர் உயரமுள்ள பாறைச் சரிவு. கையையும் ஊன்றி ஏற வேண்டும், கயிறு தேவையில்லை. ஓரிடத்தில் பாறையைக் கட்டியணைத்தபடி பக்கவாட்டில் கால் மாற்ற வேண்டியிருந்தது. நான் அணைத்துக்கொண்டிருந்த நேரத்தில் என் முதுகுப் பக்கமாக ஒருவர் தலையில் 20 கிலோவோடு, கைகளால் எதையும் பற்றாமல் தாண்டிப் போனார். தலையில் இருந்தது எங்கள் சமையல் எரிவாயு உருளை.

கரங்கா ஓடைதான் இந்த வழியில் கடைசி நீர். நாளை இரவு தங்கும் பராஃபுவில் நீர் கிடையாது. 54 பேர் குடிப்பதும் சமைப்பதும் இங்கிருந்து தலைச்சுமையாக மேலேற வேண்டும். மாலையில் ஓடைக்கும் முகாமுக்குமாக அவர்கள் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது அக்கா ஒரு செய்தி சொன்னார். இந்த மலையின் உச்சியை 1889 அக்டோபர் 6 அன்று முதலில் தொட்டவர்கள் என்று ஹான்ஸ் மேயர், லுட்விக் புர்ட்ஷெல்லர் ஆகிய இருவர் பெயரும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். மேயருக்கு அது மூன்றாவது முயற்சி. வழிநெடுக முகாம்கள் போட்டு உணவை மேலே கொண்டுவந்து சேர்த்ததால்தான், ஒருமுறை தோற்றாலும் அடிவாரம் வரை இறங்காமல் மறுபடி முயல முடிந்தது. உயர முகாமில் அவர்களுக்காகச் சமைத்து, நீரும் விறகும் சேர்த்துக் காத்திருந்தவர் பங்கானியைச் சேர்ந்த முவினி அமானி. நீலப் புத்தகத்தின் பின்னட்டையில் அந்தப் பெயரை எழுதி வைத்தேன்.

ஐந்தாம் நாள்: பராஃபு முகாம், 4,673 மீ

நான்கு கிலோமீட்டர்தான். பராஃபு என்றால் சுவாஹிலியில் பனிக்கட்டி. கல்லும் காற்றும் தவிர வேறில்லை. மாலை ஆறு மணிக்கே படுக்கச் சொல்லிவிட்டார்கள். இரவு 11 மணிக்கு எழ வேண்டும். தண்ணீர்ப் புட்டிகளைத் தலைகீழாக வைக்கிறோம், மேற்பரப்பில்தான் முதலில் உறையும் என்பதால், திறக்கும் வாய்ப்பக்கம் கீழே இருந்தால் குடிக்க முடியும். மின்கலங்கள் என்னோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள்.

கணக்கு: நால்வருக்கு 1, இருவருக்கு 2. ஓட்டக்காரன் 1 என்றான்.

ஆறாம் நாள்: உச்சி, பிறகு மிவேகா முகாம், 3,100 மீ

நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டோம். முன்னே போகிறவரின் காலணியைத் தலைவிளக்கின் வட்டத்துக்குள் வைத்துக்கொண்டு நடப்பதைத் தவிர, அந்த ஆறேழு மணி நேரத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. இரண்டு அடிக்கு ஒரு மூச்சு. பிறகு ஓர் அடிக்கு ஒரு மூச்சு. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஏறத்தாழ 5,200 மீட்டரில், நீர் குடிக்க நின்ற இடத்தில், வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணா, எழுதிக்கொள்ளுங்கள். தலைவலி 2, குமட்டல் 2." யாரும் கேட்காமலே ஓட்டக்காரன் சொன்னான். தலைமை வழிகாட்டி அவனைக் முன்வைக்கும் காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் தள்ளாடினான். தலைவலியோடு தள்ளாட்டம் சேர்ந்தால் அது மூளை வீக்கத்தின் தொடக்கமாக இருக்கலாம். மருந்து, ஆக்சிஜன் எதுவும் கீழே இறங்குவதற்கு ஈடாகாது. இரண்டு நிமிடத்தில் துணை வழிகாட்டி ஒருவர் அவன் பையைத் தன் மார்பில் மாட்டிக்கொண்டு, கையைப் பற்றி இறக்கத் தொடங்கிவிட்டார். இரு விளக்குகள் கீழே வளைந்து வளைந்து போவதைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றிச் சிவப்புப் புத்தகத்தில் எழுத முயன்றேன், பேனா உறைந்திருந்தது.

எரிமலை வாயின் விளிம்பான ஸ்டெல்லா பாயின்ட்டில், 5,756 மீட்டரில், விடிந்தது. கால் பிசகியவள் அங்கேயே போதும் என்றாள். பயிற்சியில் பழகிய அதே குரலில், எந்த விளக்கமும் இல்லாமல். மற்ற பத்துப் பேரும் அக்காவும் விளிம்பைச் சுற்றி மேலும் ஒரு மணி நேரம் நடந்து உகுரு சிகரத்தை அடைந்தோம். ஜெர்மானியர் ஆட்சியில் அவர்கள் பேரரசரின் பெயரைத் தாங்கியிருந்த இந்த உச்சிக்கு, 1961இல் நாடு விடுதலை பெற்றபோது, விடுதலை என்றே பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார்கள். இடப்பக்கம் நின்ற பனிச்சுவர்களை நெடுநேரம் பார்த்தேன். 1912இல் இந்த மலைமீது இருந்த பனியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்துவிட்டது. எஞ்சியவை ஒட்டாத துண்டுகளாய் ஆங்காங்கே நிற்கின்றன. உச்சியில் நாங்கள் இருந்தது 15 நிமிடம். இளையவன் அழுதான். ஏன் என்று கேட்டதற்குக் கண்ணீர் உறைகிறதா என்று பார்த்ததாகச் சொன்னான்.

பிறகு 2,795 மீட்டர் இறக்கம். அக்கா அன்று மின்தூக்கியை மறுத்ததற்கு மனத்துக்குள் மன்னிப்பு கேட்டுக்கொண்டே இறங்கினேன்.

மிவேகா முகாமில் ஓட்டக்காரன் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து பாறை ஒன்றின்மேல் கால் நீட்டியிருந்தான். பராஃபுவில் நிற்காமல் நேராக இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். 4,000 மீட்டருக்குக் கீழே வந்ததுமே தலை தெளிந்துவிட்டதாம். நேர்கோட்டில் நடந்து காட்டினான். நேற்று மாலையும் உண்மையில் 2 தான் என்றும், 1 என்று சொன்னதாகவும் ஒப்புக்கொண்டான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு நீலப் புத்தகத்தைக் கேட்டான். பிப்ரவரியில் நான் ஒட்டிய கடித நகலைப் புரட்டி எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தான். "கையெழுத்து மோசம் அண்ணா" என்று சொல்லித் திருப்பித் தந்தான்.

ஏழாம் நாள்: மிவேகா வாயில், 1,640 மீ

இன்று பத்துக் கிலோமீட்டர், காட்டுச் சேற்றில். வாயிலில் தராசு இல்லை. கையெழுத்துப் பதிவேடு இருக்கிறது. உகுரு வரை போனவர்களுக்கு ஒரு சான்றிதழ், ஸ்டெல்லா பாயின்ட் வரை போனவளுக்கு வேறொன்று. 5,200 மீட்டருக்குச் சான்றிதழ் இல்லை.

நன்கொடைப் பணத்தை மொத்தமாக ஒருவர் கையில் கொடுக்காமல், 41 பெயர்களையும் உரக்கப் படித்து, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்பது மற்றவர்கள் அனைவருக்கும் தெரியும்படி, நேரே அவரவர் கையில் கொடுத்தோம். இளையவன் எண்ணினான், நான் எழுதினேன், இருவரும் கையெழுத்திட்டோம். பெயர்களை நான் உச்சரித்த விதத்துக்கு நல்ல சிரிப்பு எழுந்தது. எங்கள் காலணிகளில் ஆறு ஜோடியும், வாங்கி வந்த மேலுடைகளும் நாளை அடிவார நகரமான மோஷியில் இரவல் உடைக் கிடங்குக்குப் போகின்றன. இரட்டிப்பாகத் தருவதாகச் சொன்னவருக்கும் மற்ற ஆதரவாளர்களுக்குப் போவது போலவே கணக்கின் நகல் போகும். 12இல் 10 என்பதும் அதில் இருக்கும்.

சிவப்புப் புத்தகத்துக்குக் கடைசியாக ஒருமுறை நான்கு கேள்விகளையும் கேட்டேன். அனைவரும் 0. எழுந்து நிற்க மட்டும் யாராலும் முடியவில்லை. முழங்காலுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.